பாதிக்குப் பாதி என்று நான் எழுதிய சமரசம்

சமாதானக் கூட்டம் முடிந்ததும் மேலிடத்துக்கு ஒரு வரி அனுப்புவோமே, ‘இரு தரப்பினரும் சமரசம் ஆயினர், நிலைமை கட்டுக்குள் உள்ளது’ என்று. அந்த வரியை என் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன். வருவாய்த் துறைக்கு வந்து, துணை வட்டாட்சியர் நாற்காலியில் இன்னும் சரியாகச் சாய்ந்து உட்காரக்கூடப் பழகாத நீங்கள் இதைப் படிக்கும்போது, உங்கள் மேஜையிலும் அந்த வரி எழுதிய தாள் ஒன்று கிடக்கும். இரண்டு தரப்பும் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலிகள் கலைந்து கிடக்கும். டீ கிளாஸ்களை யாராவது பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அப்பாடா என்று இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. அந்த அப்பாடாவில் பாதியை மட்டும் கொஞ்சநாள் கழித்துச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சமரசம் என்ற சொல் நம்மிடம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காவல் நிலையத்திலிருந்து போன் வரும்: “மேடம், காம்ப்ரமைஸ் ஆயிடுச்சு.” இன்றைக்கு யாரும் சாலையில் உட்கார மாட்டார்கள் என்று அதற்குப் பொருள். கோர்ட்டில் அதையே ராஜி என்பார்கள். இனி வாய்தாவுக்கு அலைய வேண்டாம் என்று பொருள். ஓர் அதிகாரியைப் பற்றி டீக்கடையில், ‘அந்த ஆளு காம்ப்ரமைஸ் ஆயிட்டாரு’ என்றால் விஷயமே வேறு. வீட்டில் இதற்கு ‘அனுசரிச்சுப் போ’ என்று பெயர். எங்கள் வீட்டில் நான், ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணனிடம் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்படி ஒவ்வொரு இடத்திலும் இந்தச் சொல் யாரோ ஒருவருக்காக வேலை செய்கிறது. யாருக்காக என்று பார்க்காமல் நான் அதை ஒருமுறை பயன்படுத்தி, ஒரு பெண்ணின் பயிரைக் கிட்டத்தட்டக் காயவிட்டேன்.

நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். டெல்டாவில் ஒரு தாலுகா, எது என்று சொல்லப் போவதில்லை. வட்டாட்சியர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் பொறுப்பு துணை வட்டாட்சியரான என் தலையில். அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். மார்கழி பிறந்ததும் ஊருக்கு ஊர் வாய்க்கால் தகராறு. அலுவலகத்தில் பட்டா மாறுதல் எல்லாம் தூங்கியது, தண்ணீர் மனு மட்டும் விழித்திருந்தது.

எனக்கு ஒரத்தநாடு பக்கம்தான் சொந்த ஊர். ஆனால் அப்பா பள்ளி ஆசிரியர். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடங்கலில் எழுதியிருப்பதுதான். எத்தனை ஏக்கர், யார் பெயர், என்ன பயிர். தண்ணீர் எப்படி நடக்கும் என்று அடங்கலில் ஒரு கட்டம் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை, ஒரே வாய்க்காலின் இரண்டு முனைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தலைமடையின் சார்பில் கலியமூர்த்தி. அறுபது வயது, சலவை சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் அவர் அப்பா காலத்துக் காகிதங்கள். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிந்ததும் முதலில் வருவது அவர் நிலம். கடைமடையின் சார்பில் அமுதா. முப்பத்தைந்து இருக்கும். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர், சுற்றிலும் அவள் உறவுக்காரர்களின் துண்டு நிலங்கள். அவள் அப்பா மாரிமுத்து ஆயுசு முழுக்கக் கலியமூர்த்தி வயலில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் நிலம் என்று முதலில் வாங்கியவள் இவள்தான். நடுவில் ஒரு ஷட்டர். அதை இறக்கினால் தண்ணீர் முழுக்கத் தலைமடையில் பாயும், ஏற்றினால் கீழே போகும். மூன்று வாரமாக அது இறங்கியே கிடந்தது.

அமுதா வெறுங்கையோடு வரவில்லை. வேரோடு பிடுங்கிய ஒரு நெற்குத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“தொண்டைக்கதிரு மேடம். கதிரு உள்ளயே நிக்கிது. இந்த நேரத்துல தண்ணி இல்லன்னா வெளியில வர்றது அத்தனையும் பதருதான்” என்றாள்.

வேரிலிருந்த மண் உதிர்ந்து கோப்பின்மேல் விழுந்தது. உதவியாளரைக் கூப்பிட்டு அதை எடுத்து ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். ஒப்பந்தம் எழுத இடம் வேண்டுமே.

கலியமூர்த்தி மஞ்சள் பையைத் தட்டினார். “தலைமடை முறை எங்களுது மேடம். எங்க அப்பாரு காலத்துலேருந்து மாமூலா வர்றது. எங்களுக்குப் பாஞ்சது போவ மிச்சம் கீழ போவும். இவ அப்பன் இருந்தா அவனே சொல்லுவான்.”

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது இருந்த வட்டாட்சியர் ஒருவர் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். கூட்டத்தில் குரல் உயர்ந்தால் அவர் செய்வது ஒன்றுதான். “பாதிக்குப் பாதின்னு சொல்லிடு. எவனும் வாயத் தொறக்க முடியாது. நியாயம் மாதிரியே இருக்கும்” என்பார். அதில் வருகிற ‘மாதிரி’யை நான் அப்போது கவனிக்கவில்லை. அன்றைக்கும் அதையே செய்தேன். மூன்று நாள் தலைமடைக்கு, மூன்று நாள் கடைமடைக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு அவருக்கு. திங்கள், செவ்வாய், புதன் அவளுக்கு. புதன் மாலை ஆறு மணிக்கு ஷட்டர் மறுபடி இறங்கும்.

கலியமூர்த்தி கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். சீக்கிரமே ஒத்துக்கொண்டார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அமுதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க மூணு நாளு எப்பலேருந்து மேடம் கணக்கு?”

“ஷட்டர் தொறந்த நேரத்துலேருந்துதாம்மா. வேற எப்பலேருந்து?”

“வாய்க்கா காஞ்சு கெடக்கு மேடம்…”

“தண்ணி வந்தா நனைஞ்சிடப் போவுது. அவரே எறங்கி வந்திருக்காரு. நீயும் கொஞ்சம் விட்டுக்குடும்மா.”

அவள் ஜன்னலோரம் கிடந்த நெற்குத்தைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். கவனியுங்கள், அவரை ‘நீங்க’ என்றேன், அவளை ‘நீ’ என்றேன். ஒரே மேஜை, ஒரே மனு. அன்று யாராவது சுட்டிக்காட்டியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். கூட்டம் கலைந்ததும் டீ வரவழைத்துக் குடித்தேன். மேலிடத்துக்கு அந்த ஒரு வரியை அனுப்பினேன். ஜன்னலோரம் கிடந்த குத்தைப் பெருக்குகிற அம்மா அள்ளிக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து போன்.

“மேடம், ஷட்டர்கிட்ட கடைமடை ஆளுங்க கூடியிருக்காங்க. கடப்பாரை வச்சிருக்காங்க. சாயங்காலம் எறக்க விட மாட்டோம்ங்கிறாங்க. தண்ணி இன்னும் அவங்க வயலுக்கே போவலையாம்.”

“மூணு நாளாவா போவல?”

“ஆமாங்க மேடம்.”

நம்பவே முடியவில்லை. யாரோ நடுவில் மடை வெட்டித் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் புத்தி அப்படித்தான் போகும், நாம் எழுதியது தப்பாக இருக்கும் என்று மட்டும் தோன்றாது. ஜீப்பில் ஏறியதும் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு.

“ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குல்ல? அப்ப அமல்படுத்துங்க. தண்ணி எங்க போச்சுன்னு ஆராய்ச்சி பண்றது நம்ம வேலை இல்ல.”

அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லை. ஷட்டருக்குப் போனால் இந்தக் கரையில் நாற்பது பேர், அந்தக் கரையில் கலியமூர்த்தியும் அவர் ஆட்களும். நடுவில் காவல்துறை. ஆய்வாளர் என்னைப் பார்த்ததும், “அக்ரிமெண்ட் பேப்பர் கையில இருக்குல்ல மேடம்? அது போதும். ஆறு மணிக்கு நான் எறக்க வச்சிடுறேன்” என்றார். அவரும் தன் வேலையைத்தான் பார்த்தார்.

அமுதா ஷட்டரின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் கடப்பாரை இல்லை. மற்றவர்கள் போல் சத்தமும் போடவில்லை.

“நீங்க சொன்னீங்க, நான் விட்டுக்குடுத்தேன் மேடம். வாய்க்கா விட்டுக்குடுக்கல” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரம் வெயில் குடித்த வாய்க்கால். மெல்லிசாக வருகிற தண்ணீரை முதலில் தான் குடித்துவிட்டுத்தான் கீழே அனுப்பும். எலி வளை, நண்டு வளை, வெடிப்பு எல்லாம் நிரம்பி, அதற்குப் பிறகுதான் ஒரு அடி நகரும். தலைமடைக்கு ஷட்டரை இறக்கிய மறு நிமிடமே பாசனம். கடைமடைக்குத் தரையை நனைக்கவே மூன்று நாள். நான் நாட்களைப் பாதியாக வெட்டினேன், தண்ணீரை வெட்டவில்லை. இது அந்தக் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், கலியமூர்த்திக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான், எழுதியவளும் நான்தான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். கையில் சட்டப்படி சரியான காகிதம், பின்னால் போலீஸ், காதில் மேலதிகாரி. அமல்படுத்தினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கும் அதைச் செய்துவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பெண் அதிகாரி தடுமாறினாள் என்று பெயர் வாங்க எனக்கு ஆசையா என்ன? ஆனால் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி காதிலேயே நின்றது. எப்பலேருந்து கணக்கு?

சத்தமாகச் சொன்னேன். “நான் எழுதுனது தப்பு. தெரியாம எழுதிட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுவரைக்கும் ஷட்டரை யாரும் தொடக் கூடாது, ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது.”

ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் ஒரு நொடி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. அதிகாரி தப்பு என்று சொன்னால் அடுத்து என்ன கோஷம் போடுவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. கடப்பாரை வைத்திருந்தவர் அதை மெதுவாகத் தரையில் போட்டார்.

கலியமூர்த்தியிடம் போனேன். “என்கூட வாய்க்கால் கடைசி வரைக்கும் நடந்து வர்றீங்களா?”

“நானா? எதுக்கு மேடம்? ஜீப்பு போவாதா?”

“கரையில சைக்கிள்தான் போவும். நடந்துதான் வரணும்.”

முறைத்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாமல், மஞ்சள் பையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்தார். அமுதா முன்னால் போனாள். ஷட்டருக்குக் கீழே வந்து இருபது வருடம் ஆயிற்று என்று வழியில் அவரே சொன்னார். மூன்று கிலோமீட்டருக்குமேல் இருக்கும். ஒரு இடத்தில் கரை உடைந்திருந்ததால் வாய்க்காலில் இறங்கி ஏறினோம். என் இடது கால் செருப்பு சேற்றோடு போயிற்று. வலது காலில் மட்டும் செருப்போடு நடப்பதைவிட இரண்டையும் விட்டுவிடுவது மேல் என்று அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

யாரும் மடை வெட்டவில்லை. தண்ணீரை யாரும் திருடவில்லை. அமுதாவின் வயலுக்குக் கூப்பிடு தூரத்தில் தண்ணீரின் முனையைப் பார்த்தோம். அதுவரை நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நுரையும் வைக்கோலும் சருகுமாக, குழந்தை தவழ்வதுபோல் வந்துகொண்டிருந்தது. ஒரு வெடிப்பு வந்தால் நின்றுவிடும். வெடிப்புக்குள் கொடகொடவென்று இறங்கும், உள்ளிருந்து பூச்சிகள் ஏறி ஓடும், அதற்காகவே கூட வந்த நாலைந்து கொக்குகள் கொத்தும். நிரம்பியதும் ஒரு சாண் நகரும். அடுத்த வெடிப்பு. நாங்கள் மூன்று பேரும் அதோடு சேர்ந்து நடக்க முடியாமல், நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டரை.

கலியமூர்த்தி அமுதாவின் வயலில் இறங்கினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. பயிர் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் இலைகள் ஓரத்தில் சுருள ஆரம்பித்திருந்தன. ஒரு தூரைப் பிடித்து, தண்டு தடித்திருந்த இடத்தை நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே பால் வெள்ளையில், நூல் நூலாக, கதிர். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என் மேஜைமேல் அவள் கொண்டுவந்து வைத்ததும் இதுதான். நான் எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னதும் இதுதான்.

“நல்லா வந்திருக்கு. என்ன ஒரம் போட்ட?” என்று கேட்டார்.

அமுதா சொன்னாள். அவர் தலையாட்டினார். இரண்டு விவசாயிகள் பேசுகிற பேச்சு அது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் குறுக்கே கேட்டேன். “உங்க முறை மூணு நாள் தள்ளிப்போனா உங்க பயிர் என்ன ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. நாம முந்தி நட்டது. பால் புடிச்சு முத்த ஆரம்பிச்சிடுச்சு. ஈரம் இருந்தாப் போதும்.”

“அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தண்ணிக்கா மேடம் சண்டை? இந்த வருசம் விட்டேன்னா, அடுத்த வருசம் இதையே காட்டி உரிமைம்பாங்க. கோர்ட்டுக்குப் போவாங்க. எங்க அப்பாரு வச்சுட்டுப் போனத நான் தொலைச்சேன்னு எம் பேரு நிக்கும்.”

நான் அந்தக் காய்ந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கையிலிருந்து போய்விடக் கூடாது என்று பயந்தது முறை. அவள் கையிலிருந்து போய்விடக் கூடாது என்று பயந்தது இந்த வாரத்துத் தண்ணீர். இரண்டும் வேறு வேறு பொருள். ஒருவர் கேட்பதை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. இதை வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம், இரண்டு கேள்வி போதும். நான் ஒன்றும் கேட்காமல், இல்லாத ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தேன்.

வாய்க்கால்மேல் ஒரு சிறுபாலம். அதன் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். இதற்குள் கூட்டத்தில் பாதி எங்களைத் தேடி வந்துவிட்டது, போலீசும் வந்துவிட்டது. கடைமடையின் மூன்று நாட்கள், ஷட்டர் திறந்த நேரத்திலிருந்து அல்ல, கடைசி வயல் மடையைத் தண்ணீர் தொட்ட நேரத்திலிருந்து கணக்கிடப்படும். இந்த ஆண்டுக்கு மட்டும். தலைமடையின் மாமூல் முறைக்கு இதனால் எந்தப் பாதகமும் இல்லை. கலியமூர்த்திக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று முதல் வரியில் நானாகவே ஒரு அலங்காரம் சேர்த்தேன்: ‘திரு. கலியமூர்த்தி அவர்கள் பெருந்தன்மையுடன் இசைந்ததன் பேரில்’. வாசித்துக் காட்டினேன். அவர் மீசையைத் தடவினார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பேனாவை அமுதாவிடம் நீட்டினேன். வாங்கினாள். தாளைத் தானே ஒருமுறை படித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்.”

“ஏம்மா?”

“இந்த வருசம் மட்டும்னு போட்டிருக்கீங்க, சரி. முறை அவங்களுதுன்னு போட்டிருக்கீங்க, அதுவும் சரி. பெருந்தன்மைன்னு போட்டிருக்கீங்களே, அது வேணாம்.”

பின்னால் நின்ற அவள் சித்தப்பாவே, “ஒரு வார்த்தைதானே புள்ள, தண்ணி வருதுல்ல” என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். மணி இரண்டரை. தண்ணீர் பத்தடி தூரத்தில். மேலதிகாரியின் அழைப்பு பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, ‘விட்டுக்குடும்மா’ என்ற வார்த்தை. வியாழக்கிழமை அவ்வளவு சுலபமாக வந்த அதே வார்த்தை. கடித்து உள்ளே தள்ளினேன். வேலையில் நான் செய்த நல்ல காரியங்களைப் பட்டியல் போடச் சொன்னால், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதைத்தான் முதலில் சொல்வேன்.

“சொல்லுங்க அமுதா” என்றேன். ‘சொல்லுங்க’ என்று தன்னால் வந்தது.

அவள் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். அவள் அப்பா அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பார். இவள் ‘நீங்க’ என்றாள், அதோடு சரி.

“நாளைக்கு நான் உரிமைன்னு பேசுனா இந்தப் பேப்பரக் காட்டுங்க, நான் தலை குனிஞ்சு போறேன். மத்தபடி தண்ணி ஆத்துலேருந்து வருது. அத நான் பிச்சையா வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“யாரு பிச்சைன்னு சொன்னா?”

“பெருந்தன்மைன்னா அதானே?”

கலியமூர்த்தியின் முகம் சிவந்தது. “உங்கப்பன் இப்புடிப் பேச மாட்டான்.”

“அதான் நான் பேசுறேன்.”

ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் வாய்க்காலைப் பார்த்தேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஒரு வார்த்தையை அலங்காரத்துக்குச் சேர்த்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. கலியமூர்த்தி இடது கையைப் பார்த்தார். பிரித்த அந்தக் கதிர் இன்னும் அதில் இருந்தது, வாட ஆரம்பித்திருந்தது. அதைப் பாலத்துச் சுவரில் வைத்தார்.

“அடிச்சுடுங்க மேடம்” என்றார்.

“அடிச்சுட்டு…”

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணோம்னு போடுங்க. பேசுனோம்ல? நல்லாத்தானே பேசுறா இவ.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அமுதாவைத் தவிர. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவர் பெயரிலிருந்து அந்த வார்த்தை வரைக்கும் ஒரே கோடாக அடித்து, மேலே ‘இருவரும் பேசி’ என்று எழுதினேன். அடித்தல் திருத்தம் இருந்தால் பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போட வேண்டும், உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் அவர் போட்டார், அந்தப் பக்கம் அவள் போட்டாள். தண்ணீர் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவள் மடையைத் தொட்டது. கலியமூர்த்தியே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

அப்புறம்தான் பாலத்துச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தேன். யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள், முழுக்கக் குடித்தேன். சேலை முழுக்கச் சேறு, காலில் செருப்பில்லை, ஒரு கையில் ஒற்றைச் செருப்பு, சிரிப்பாக வந்தது. ஆய்வாளர், “மேடம், இந்த மாதிரி காம்ப்ரமைஸ் நான் பாத்ததில்ல” என்றார். நானும்தான் என்றேன். மேலதிகாரிக்குப் போன் போட்டு, புதிய ஒப்பந்தம் எழுதியிருக்கிறேன், பழையதில் தப்பு என்னுடையது என்றேன். ஒரு விளக்கக் குறிப்பு கேட்டார். கொடுத்தேன். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பயிர் விளைந்தது. தை கடைசியில் அறுப்பு முடிந்து அமுதா ஒரு பிடி கதிரை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். இந்தத் தடவை நான் கோப்புகளை எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஓய்வு பெற்று இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். பணியிலிருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது ஏதாவது கேட்டு மெசேஜ் அனுப்புவார்கள். போன மாதம் ஒருவர், அந்த ஊருக்குப் புதிதாகப் போயிருக்கும் கிராம நிர்வாக அலுவலர், ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

“மேடம், இதுல உங்க கையெழுத்து இருக்கு, அதான் உங்ககிட்ட கேக்குறேன். தண்ணி கம்மியா வர்ற வருசமெல்லாம் ரெண்டு பார்ட்டியும் ஆபீஸ் பக்கமே வர்றதில்லையாம். இதையே ஜெராக்ஸ் எடுத்து, வருசத்த மட்டும் ஒயிட்னர் போட்டு மாத்தி, கையெழுத்துப் போட்டு நம்மகிட்ட குடுத்துடுறாங்க. மேல கொஞ்சம் அடிச்சிருக்கு, பாக்க அசிங்கமா இருக்கு. அத எடுத்துட்டு நீட்டா டைப் பண்ணிக் குடுத்துடட்டுமா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து என் எழுத்து பாதி மங்கிப்போயிருந்தது. ‘இந்த ஆண்டுக்கு மட்டும்’ என்ற வரி தெரிந்தது. அந்த வரிக்குத்தான் எத்தனை ஆண்டு! கலியமூர்த்தியின் புதுக் கையெழுத்து வயதில் கோணலாகியிருந்தது. அடித்த கோடு மட்டும் நன்றாகத் தெரிந்தது, இரண்டு பக்கமும் இரண்டு சுருக்கொப்பம்.

“டைப் பண்ணாதீங்க தம்பி. அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும்” என்று பதில் போட்டேன்.

ஏன் என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

“சரிங்க மேடம். தண்ணி நேத்து மதியம் ரெண்டே காலுக்கு மடை தொட்டுச்சு. ரெண்டு பேரும் நின்னு நேரம் குறிச்சாங்க.”